தடித்த கேஸ்கெட் போட்டால் பூஸ்ட் தாங்குமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றித்தான், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் தகடு. டர்போ வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி: என் டர்போ காருக்கு எத்தனை மி.மீ. கேஸ்கெட் போடலாம்?

பதில்: எந்த இன்ஜின், என்ன போர் (சிலிண்டரின் விட்டம்), இப்போது என்ன கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது), எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) என்று ஒன்றுமே எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த ஒரே தகவல் வண்டியின் நிறம். கம்பெனி போட்ட தடிமனையே போடுங்கள். வேறு போடத்தான் வேண்டும் என்றால் அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: போர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டும் 86 மி.மீ. கம்ப்ரஷன் 10:1. டர்போ மாட்டப் போகிறேன். தடித்த கேஸ்கெட் போட்டு 9:1க்கு இறக்கிவிடலாமா?

பதில்: அளவுகளை எழுதிய ஒரே வாசகர் நீங்கள்தான். அதற்காகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சிலிண்டர் ஒன்றுக்கு 500 சி.சி. 10:1 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சுவது 55.5 சி.சி. 9:1க்கு 62.5 வேண்டும், அதாவது 7 சி.சி. கூடுதல். 87 மி.மீ. துளையுள்ள கேஸ்கெட் ஒரு மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய 6 சி.சி. தரும். ஆகவே இப்போது இருப்பதைவிட 1.2 மி.மீ. தடிப்பாக வேண்டும். அரை மி.மீ. கூட்டினால் 9.5க்குத்தான் வந்து நிற்பீர்கள்.

கணக்கு சரிதான். ஆனால் போடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

பிஸ்டன் மேலே வரும்போது அதன் தட்டையான ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே சுமார் 1 மி.மீ.தான் இடைவெளி இருக்கும். அதைத்தான் ஸ்க்விஷ் என்கிறோம். ஓரத்தில் இருக்கும் கலவை அங்கிருந்து பிதுங்கி நடுவே பாய்கிறது, கலங்குகிறது, சீக்கிரம் எரிந்து முடிகிறது. ஓரத்தில் மிஞ்சும் கொஞ்சக் கலவையையும் இருபுறமும் உள்ள உலோகம் குளிர்வித்துவிடும். நீங்கள் கேஸ்கெட்டைத் தடிப்பாக்கி அந்த இடைவெளியை 2 மி.மீ.க்கு மேல் திறந்துவிட்டால், அந்தப் பாய்ச்சல் செத்துவிடும். தீ மெதுவாகப் பரவும். ஓரத்தில் சூடேறிக் காத்திருக்கும் கலவை தானே வெடிக்கும். அதுதான் நாக்கிங். நாக்கிங்குக்குப் பயந்து கம்ப்ரஷனை இறக்கினீர்கள், இறக்கிய விதத்திலேயே அதை உள்ளே அழைத்தும் வந்துவிட்டீர்கள்.

நானும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவன்தான். தடித்த கேஸ்கெட் போட்டு, பெருமையாக ஓட்டிப் பார்த்தால், தீப்பொறி விழும் பழைய டைமிங்கிலேயே சரளைக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கிய சத்தம். இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, கடைசியில் டர்போ இல்லாத வண்டி மாதிரி ஆகிவிட்டது. குழிவான பிஸ்டன் வாங்கி, பழைய தடிமனுக்கே திரும்பிய பிறகுதான் நிம்மதி. கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டிய இடம் பிஸ்டன். கேஸ்கெட்டின் வேலை அடைப்பது.

குறைக்கத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 1975இல் வந்த போர்ஷே 930 டர்போவின் கம்ப்ரஷன் 6.5:1. இன்று மஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போ 10.5:1இல் ஓடுகிறது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சிக் குளிர்விப்பதும், நாக் சென்சாரும், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலரும் செய்த மாற்றம் அது. உங்களுடையது சிலிண்டருக்கு வெளியே பெட்ரோலைத் தெளிக்கும் பழைய போர்ட் இன்ஜெக்ஷனாக இருந்தாலும், அரை பார் அழுத்தத்துக்குள் பூஸ்ட் வைத்து, நல்ல ஆக்டேன் பெட்ரோல் போட்டு, இக்னிஷனை ஒழுங்காக மேப் செய்தால் பெரும்பாலும் 10:1லேயே சமாளிக்கலாம். 10லிருந்து 9க்கு இறங்கினால் பூஸ்ட் இல்லாத நேரத்தில் சுமார் 3% திறன் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பூஸ்டைக் கூட்டிய மறுவாரமே கேஸ்கெட் போய்விட்டது. தடித்தது போட்டால் தாங்கும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: தாங்காது. தடித்தால் பலம் என்பது போர்வைக்குப் பொருந்தும். தடித்த கேஸ்கெட்டின் உள்விளிம்பு உயரம் கூடுவதால் அழுத்தம் தள்ளுவதற்கு இன்னும் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏன் போனது என்று முதலில் பாருங்கள். பிஸ்டன் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொத்தியது போலிருந்தால் நாக்கிங். ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து அளங்கள். 0.05 மி.மீ. தாண்டினால் பெரும்பாலான இன்ஜின்களில் ஃபேஸிங்தான், அதாவது முகத்தை இழைத்துச் சமப்படுத்துவது. இரண்டும் இல்லையென்றால் போல்ட்டின் பிடி போதவில்லை, ஸ்டட் (பிளாக்கில் திருகி மேலே நட் போடும் தண்டு) போடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் அதுவும் மறுவாரம் போகும்.

கேள்வி: இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஹெட்டில் 0.3 மி.மீ. ஃபேஸிங் எடுத்துவிட்டார்கள். இப்போதாவது தடித்தது போடலாமா?

பதில்: தாராளமாக. தடித்த கேஸ்கெட்டுக்கு இதுதான் நியாயமான காரணம். எடுத்த அளவைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், கம்ப்ரஷனும் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வருகிறது. திருப்பிக் கொடுக்காமல் விட்டால், ஓவர்ஹெட் கேம் இன்ஜினில் ஹெட் இறங்கி கேம் டைமிங்கும் (வால்வு திறந்து மூடும் நேரம்) பின்தங்கும். 1 மி.மீ.க்கு கிராங்கில் ஏறக்குறைய 2 டிகிரி. உங்கள் 0.3க்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பிஸ்டன் மேல் களிமண் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஃபேஸிங் எவ்வளவு எடுத்தார்கள் என்று பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே நம்பாமல் நீங்களே அளங்கள்.

கேள்வி: டீசல் டர்போவுக்குக் கேஸ்கெட் வாங்கினேன். ஓரத்தில் இரண்டு வெட்டு இருக்கிறது. பழையதில் மூன்று. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று யார் சொன்னது? பெரும்பாலான டீசல்களில் அந்த வெட்டுகள்தான் தடிமனின் அடையாளம். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அளந்து, அதிகமாக வருவதை மேனுவலில் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 0.1 மி.மீ.க்குள்தான் வித்தியாசம் இருக்கும், ஆனால் மெல்லியதைத் தவறாகப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கலாம். தடித்ததைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை விடும்.

கேள்வி: பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டேன். பூஸ்ட் தாங்குகிறது, ஆனால் கூலன்ட் கசிகிறது.

பதில்: பழைய கேஸ்கெட்டை கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டிச் சுரண்டினீர்களா? அப்படியென்றால் பதில் உங்களுக்கே தெரியும். ஸ்டீல் கேஸ்கெட்டுக்குக் கண்ணாடி போன்ற முகம் வேண்டும். சொரசொரப்பு ஒரு மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஹெட், பிளாக் இரண்டிலும்.

கேள்வி: செம்புக் கேஸ்கெட்?

பதில்: ரேஸ் வண்டிக்கு, சிலிண்டரைச் சுற்றிக் கம்பி வளையம் வெட்டிப் பொருத்தியிருந்தால். தினம் ஓட்டும் காருக்கு வேண்டாம். தண்ணீர் சொட்டும்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை. பழைய போல்ட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கை அனுபவத்தில் முறுக்கிவிடலாம்தானே?

பதில்: டிகிரி கணக்கில் முறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் நீண்டு பிடிப்பவை. ஒரு முறைதான் பயன்படும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதில் அர்த்தமில்லை. புதுசு வாங்குங்கள், பிளாக்கின் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுங்கள், இல்லையென்றால் முறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம். நடுவிலிருந்து வெளிப்புறமாக, மேனுவலில் உள்ள வரிசைப்படி. டார்க் ரெஞ்சை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அதுவரை ஹெட்டைத் துணி போட்டு மூடி வையுங்கள்.