சேவைக் கழகங்களையும் தொண்டு நிறுவனங்களையும் ஒன்றாக வேலை செய்ய வைக்க முடியுமா?

எங்கள் ஊரில் றோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைக் கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் பல இருந்தும் உதவி ஒரே குடும்பங்களுக்கே போகிறதே, இவர்களை இணைக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பொன்னாடை போர்த்தித் தீர்மானம் எழுதும் கூட்டங்களால் அது நடவாது. உலர் உணவுப் பொதியோடு போன வீட்டில் “நேற்றும் தந்தார்கள்” என்று கேட்டு முகம் சுருங்கித் திரும்பியவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித் திரும்பியவன்தான்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் நிலாவெளியிலுள்ள என் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் கடல்நீர் புகுந்தது. தை நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து அதை இறைத்துக் குளோரின் இட்டது. பத்து நாட்களில் இன்னொரு நிறுவனம் வந்து அதையே செய்தது. மூன்றாவதாகப் போனவர்கள் நாங்கள், திருகோணமலை நகரத்துச் சேவைக் கழகமொன்றின் பெயரில், வாடகைக்கு எடுத்த நீர்ப்பம்பியோடு. சித்தப்பா தடுக்கவில்லை, உதவிக்கு வந்த பிள்ளைகளை எப்படி வேண்டாமென்று அனுப்புவது என்று சித்தியிடம் சொன்னாராம். மாலையில் ஊறிவந்த நீரை வாயில் விட்டுப் பார்த்தேன், முன்னையதைவிடக் கரித்தது. உட்சுவரும் ஓரிடத்தில் சரிந்து மணல் கொட்டியிருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. எங்கள் கரையோர மணல் நிலத்தில் மழையால் சேர்ந்த நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு படையாகவே நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். திரும்பத் திரும்ப இறைக்க வேண்டாம், மாரி மழை கழுவட்டும் என்று நிபுணர்கள் அந்த ஆண்டிலேயே சொன்னார்கள். எங்கள் கழகத்தில் ஒரு பொறியியலாளர் இருந்தார். அந்தக் கிணறு ஏற்கெனவே இருமுறை இறைக்கப்பட்டது என்று தெரிந்திருந்தால் அவரே தடுத்திருப்பார்.

அந்த விவரம் ஊரில் இல்லாமல் இல்லை. மாதர் சங்கச் செயலாளராக இருந்த அக்கா, எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எண்பது பக்கக் கொப்பியொன்றில் குறித்து வைத்திருந்தார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். “யார் தம்பி கேட்டவை?” என்றார். அதன்பின் கிணற்றுக் கட்டுகளில் இறைத்த திகதியைச் சிவப்புப் பெயின்ற்றால் எழுதினோம். அடுத்து வந்த நிறுவனத்தார் அதை வாசித்துவிட்டு, எரிபொருளுக்கு வைத்திருந்த பணத்தில் குடிநீர் பவுசர் அனுப்பினார்கள். கூட்டுவேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

கழகங்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்; பன்னிரண்டு ஆண்டுகள் சந்தா கட்டியவன் நான். கழகத்தாரிடம் தொழில் அறிவும் வெளிநாட்டுத் தொடர்பும் உண்டு, ஆனால் ஊரில் தினமும் நடமாட ஆள் இல்லை. தொண்டு நிறுவனத்தாரிடம் ஆள் உண்டு, நிதிதான் இழுபறி. கழகங்களின் பெரிய திட்டங்களுக்கு றோட்டரி அறக்கட்டளை பணம் தரும் உலகளாவிய மானியத்தையே பாருங்கள். திட்டச் செலவு குறைந்தது 30,000 டொலராக இருக்க வேண்டும், இரு நாட்டுக் கழகங்கள் சேர வேண்டும், சமூகத்தின் தேவையை முன்கூட்டியே ஆராய்ந்திருக்கவும் வேண்டும். அந்த ஆராய்ச்சியை நகரத்து விடுதி மண்டபத்தில் இருந்துகொண்டு செய்ய முடியாது, அதற்குக் கொப்பி வைத்திருக்கும் அக்காவிடந்தான் போக வேண்டும்.

என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னர் ஒரு பாடசாலைக்குக் கூட்டாகத் தண்ணீர்த் தாங்கி கொடுத்தபோது, யாருடைய சின்னம் மேலே வருவது என்ற வாக்குவாதத்தில் அது மூன்று வாரம் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று: றோட்டரியிலும் லயன்ஸிலும் ஆண்டு தொடங்குவது ஜூலை 1இல். தலைவர் மாறினால் வாய்ப்பேச்சில் செய்த உடன்பாடும் போய்விடும். ஆகவே மே மாதத்திலேயே, பொறுப்பேற்கவிருப்பவரையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊரில் அந்தக் கொப்பி யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போங்கள்.