பிரிந்த பெற்றோரும் கவுன்சில் ஃபைலும்: கேள்வி பதில்

பிள்ளைகளைப் பற்றிக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வைத்திருக்கும் ஃபைலைக் குறித்து, இங்கிலாந்தில் பிரிந்து வாழும் அப்பா அம்மாக்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில்களும் இங்கிலாந்துக்கு மட்டும்தான், ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

கேள்வி: அக்கா, கணவரின் அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு வேறு ஊருக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளின் நலன் பற்றிக் கவுன்சில் எடுத்த அசெஸ்மென்ட் (மதிப்பீடு) ரிப்போர்ட்டை அவருக்கும் அனுப்பிவிட்டார்கள், அதில் புது ஸ்கூல் பெயர் அப்படியே இருக்கிறது. யாரிடம் புகார் செய்வது?

பதில்: புகார் அப்புறம், தங்கச்சி. சோஷியல் வொர்க்கர், ஸ்கூல், போலீஸ் மூவருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள். உடனே ஆபத்து என்றால் 999. பிறகு கவுன்சிலின் டேட்டா புரொடெக்ஷன் (தனிநபர் தகவல் பாதுகாப்பு) அதிகாரிக்கு ஈமெயில் போடுங்கள்: எந்த ரிப்போர்ட், எந்தப் பக்கம், யாருக்கு எப்போது போனது. அழுகையையும் கோபத்தையும் வேறு கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஆபத்து வரக்கூடிய கசிவு என்றால், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கவுன்சிலே தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு, அதாவது ஐசிஓவுக்கு, அறிவிக்க வேண்டும். நீங்களும் அங்கே புகார் செய்யலாம். இது அபூர்வமான தவறு இல்லை. வீட்டு வன்முறையிலிருந்து தப்பியவர்களின் விவரங்களைக் கசியவிட்டதற்காக ஏழு அமைப்புகளைக் கண்டித்திருப்பதாக 2023 செப்டம்பரில் ஐசிஓ சொன்னது, அவற்றில் கவுன்சில்களும் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை வரி வரியாகப் பாருங்கள். முகவரியைக் கறுப்படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் ஜிபி சர்ஜரியின் (குடும்ப டாக்டர் கிளினிக்கின்) பெயரை விட்டிருப்பார்கள். பிடிஎஃப் என்றால் அந்தக் கறுப்புப் பட்டையைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், சில நேரம் எழுத்து வந்துவிடும்.

கேள்வி: நான் அப்பா. மகளைப் பற்றி அசெஸ்மென்ட் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால் "டேட்டா புரொடெக்ஷன்" என்கிறார்கள்.

பதில்: உங்களுக்குப் பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி (பிள்ளை மேல் பெற்றோருக்குச் சட்டப்படியுள்ள உரிமையும் பொறுப்பும்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவளுடைய அம்மாவைச் சட்டப்படி மணந்திருந்தால் உண்டு, விவாகரத்தானாலும் அது போகாது. மணக்காவிட்டாலும் 2003 டிசம்பர் 1 முதல் இருவரும் சேர்ந்து செய்த பிறப்புப் பதிவில் உங்கள் பெயர் இருந்தால் உண்டு. அப்படியென்றால் வழக்கமாக உங்களிடமும் பேசியிருக்க வேண்டும். பேசினால் பிள்ளைக்கோ அம்மாவுக்கோ ஆபத்து என்று நினைத்து விட்டிருக்கலாம், ஆனால் அந்தக் காரணம் ஃபைலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதையே கேளுங்கள்: என்னை விட்டுவிட யார், எப்போது, எதனால் முடிவெடுத்தார்? ஒற்றை வரியில் "டேட்டா புரொடெக்ஷன்" என்று எழுதி அனுப்புவது என்னைக் கேட்டால் சோம்பேறித்தனம். அதற்காக முழு ஃபைலும் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அம்மா தன்னைப் பற்றிச் சொன்னது அம்மாவின் தகவல். மகளுக்கு விவரம் புரியும் வயதென்றால் அவள் விருப்பத்தையும் பார்ப்பார்கள்.

கேள்வி: கவுன்சிலிடம் கொடுத்த புகாருக்கு ஸ்டேஜ் 1 (முதல் படி) பதில் வந்தது, ஸ்டேஜ் 2 கிடையாது என்கிறார்கள். சரியா அக்கா?

பதில்: பிள்ளைகளுக்கான சட்டப்படியான புகார் வழியில் எடுத்துக்கொண்டார்கள் என்றால் சரியில்லை. ஸ்டேஜ் 1-க்கு 10 வேலை நாள், சிக்கலான விஷயம் என்றால் 20. பதில் வந்த 20 வேலை நாளுக்குள் ஸ்டேஜ் 2 கேட்டால் விசாரணை அதிகாரியோடு வெளியாள் ஒருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு 25 வேலை நாள், இழுத்தால் 65. அதிலும் திருப்தி இல்லையென்றால் மூன்றாவது படியாக ரிவியூ பேனல் (மறுபரிசீலனைக் குழு). நடுவில் கதவைச் சாத்தினால் ஓம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மேலான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு) போங்கள், இந்தக் குறைக்காக அவர்கள் பல கவுன்சில்களைக் கண்டித்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். ஒன்று கவனியுங்கள்: செக்ஷன் 47 விசாரணை (பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறதா என்று கவுன்சில் பார்ப்பது) பற்றிய புகார் பெரும்பாலும் கவுன்சிலின் சாதாரணப் புகார் வழியில்தான் போகும், அங்கே இந்த மூன்று படிகள் இருக்காது.

கேள்வி: குடும்ப வழக்கில் கோர்ட்டுக்குக் கவுன்சில் கொடுத்த செக்ஷன் 7 ரிப்போர்ட்டில் (பிள்ளையின் நலன் பற்றிக் கோர்ட் கேட்டு வாங்குவது) என்னைப் பற்றிப் பொய் இருக்கிறது.

பதில்: கோர்ட்டுக்குப் போன ரிப்போர்ட்டை ஓம்புட்ஸ்மன் தொட முடியாது. ஜட்ஜிடம்தான் சொல்ல வேண்டும், எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் அனுமதி கேட்கலாம். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சித்தப்பா, மாமா எல்லாரும் படித்து நியாயம் சொல்வார்கள், உங்கள் மேல் கோர்ட் அவமதிப்பு வரலாம்.

கேள்வி: நஷ்டஈடு?

பதில்: ஐசிஓ பணம் வாங்கித் தராது. ஓம்புட்ஸ்மன் மன்னிப்புக் கடிதமும், பெரும்பாலும் சில நூறு பவுண்டும் கொடுக்கச் சொல்லலாம். வீடு மாற வேண்டி வந்த அளவுக்குப் பாதிப்பு என்றால் சொலிசிட்டரைப் பாருங்கள், பில், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.