பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டேன், ஊரிலேயே வேலை கிடைக்குமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. நான் பி.எஸ்சி. உளவியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது. 'சைக்காலஜிஸ்ட் தேவை' என்று கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பித்துவிட்டேன். எம்.ஃபில். இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். உடனே மேலே படிக்கப் பணமில்லை. சென்னைக்கு அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. இந்தப் பட்டத்தை வைத்துக் குமரி மாவட்டத்துக்குள் வேலை கிடைக்குமா? இல்லை, அண்ணன் சொல்வதுபோல் வங்கித் தேர்வுக்குப் போய்விடட்டுமா?

பதில்: கிடைக்கும். ஆனால் நீங்கள் தேடிய பெயரில் கிடைக்காது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்த வேலையைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பதிவுக்கான படிப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் எம்.ஃபில். பற்றிக் கேட்டார்கள். போனை வைத்தவர்கள் உங்களை அவமதிக்கவில்லை. 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வந்து சேருங்கள்' என்று யாராவது சொன்னால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள பதவிப் பெயரை விட்டுவிட்டு, எந்த விதியில் 'உளவியல் இளங்கலைப் பட்டம்' என்று எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். பலருக்கும் தெரியாத சில இடங்கள் இருக்கின்றன.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் இணைப்பு விதிகள் மாணவர் ஆலோசகரை நியமிக்கச் சொல்கின்றன. அதற்கான தகுதிகளில் உளவியல் இளங்கலையும் உண்டு. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளுக்கு மார்ச் முதல் மே மாதத்துக்குள் நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். ஜூனில் போனால் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

அடுத்தது, குழந்தையின்மை சிகிச்சை மருத்துவமனைகள். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கான சட்டம் 2021-இல் வந்தது, விதிகள் 2022-இல் வந்தன. அந்த விதிகளில் ஆலோசகருக்குச் சொல்லியிருக்கும் தகுதிகளில் உளவியல் பட்டமும் ஒன்று. சிகிச்சை பலிக்காமல் போன ஒரு தம்பதியின் எதிரில் உட்கார்ந்து பேசுகிற வேலை அது. பொறுமையும் வாயடக்கமும் வேண்டும். உங்கள் வகுப்புத் தோழிகளில் எத்தனை பேர் இந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசுப் பக்கம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) என்றொரு ஒப்பந்தப் பணியிடம் உண்டு. உளவியல் பட்டதாரி விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டு அறிவிப்புகளில் மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர் (கேஸ் ஒர்க்கர்) பணியும் இதே வகை. இந்த அறிவிப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஆட்சேர்ப்புப் பகுதியில் வரும், சில நாட்களிலேயே கெடு முடிந்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றுப்படுத்துநர் பணிக்கு ஓராண்டு அனுபவம் கேட்கிறார்கள். மற்ற இடங்களிலும் அனுபவம் உள்ளவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதனால் உங்கள் முதல் வேலையின் நோக்கம் அந்த ஓராண்டுச் சான்றிதழ்தான். சம்பளத்தை இரண்டாவதாக வையுங்கள்.

அந்த ஓராண்டை எங்கே சம்பாதிப்பது? என்னைக் கேட்டால், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான தெரபி சென்டர்கள்தான் முதல் இடம். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் வேலை செய்யும் மையத்தில் உதவியாளராகச் சேருங்கள். குழந்தை கடிக்கும், முடியைப் பிடித்து இழுக்கும், தரையில் உருளும். கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் உங்கள் வேலைதான். மூன்று வருடம் புத்தகத்தில் படித்ததை முதல் மாதத்திலேயே கண்ணால் பார்ப்பீர்கள். விளவங்கோடு பக்கத்துத் தாய்மார்கள் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். உங்கள் ஊர்க்காரருக்கு அது பழகிய பேச்சு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லாத பலம் அது, விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் நேர்காணலுக்குப் போனால், பெரும்பாலும் ஒரு குழந்தையோடு அரை மணி நேரம் உட்காரச் சொல்லி, பார்த்ததை எழுதச் சொல்வார்கள். அநேகம் பேர் இப்படி எழுதுவார்கள்: 'பையன் ரொம்ப அடம்பிடித்தான், சொன்ன பேச்சு கேட்கவில்லை.' இதை வைத்துக்கொண்டு அடுத்து வருகிறவர் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: '10.20: பந்தை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். மேசையை நான்கு முறை தட்டினான், அழுதான். ஊஞ்சல் படத்தைக் காட்டினேன். 10.23: அழுகை நின்றது, எழுந்து ஊஞ்சல் பக்கம் நடந்தான்.' முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன ஆனது. உங்கள் அபிப்பிராயம் ஒரு சொல்கூட இல்லை. இப்படி எழுதத் தெரிந்த பட்டதாரியை எந்த மையமும் விடாது. இன்றைக்கே பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடுவதைப் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

சேரும்போதே இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். விலகும்போது, பதவி, தேதிகள், செய்த வேலை குறிப்பிட்ட சான்றிதழ் தர வேண்டும். நான் முதலில் சேர்ந்த மையத்தில் இதைக் கேட்கவில்லை. பணமாகக் கையில் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் உழைத்துவிட்டு, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். அந்த வாய்ப்பு போய்விட்டது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது. அப்புறம், அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். மூன்று மாத கவுன்சலிங் படிப்பு முடித்தால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது.

மாவட்டத்துக்குள்தான் என்று பிடிவாதமாக இருக்கவும் வேண்டாம். திருவனந்தபுரம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். அங்கே கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் ஆட்தேர்வு, எச்.ஆர். உதவியாளர் வேலைகளுக்கு உளவியல் படித்தவர்கள் முயற்சி செய்யலாம். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றாலும், மேல்படிப்புக்குப் பணம் சேர்க்க நினைத்தால் நல்ல வழி.

அண்ணன் சொல்வதையும் ஒதுக்க வேண்டாம். வங்கியைவிட டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 உங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிறைத்துறை நன்னடத்தை அலுவலர் பதவி அந்தத் தேர்வில் வருவதுண்டு. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவு செய்துகொண்டு, இலவசப் பயிற்சி வகுப்பு எப்போது என்று கேளுங்கள். தெரபி சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம்.

அடுத்த வாரம் மூன்று தெரபி சென்டர்களுக்கு நேரில் போங்கள். கையில் ஒரு பக்க விண்ணப்பம், கூடவே நீங்கள் எழுதிப் பழகிய குறிப்புகளில் நன்றாக வந்த ஒன்று. 'ஒரு வாரம் சம்பளமில்லாமல் கூட இருந்து பார்க்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேளுங்கள். ஒரு வாரம் என்றால் ஒரே ஒரு வாரம், மாதக்கணக்கில் இழுக்க விடாதீர்கள்.