ரீத் போர்டை காலைலயே அடுக்கி வைக்கலாமா?

"கிறிஸ்துமஸுக்கு 12 பேர் வராங்க, சாயங்காலம் 5 மணில இருந்து 9 வரைக்கும் இருப்பாங்க, ரீத் (கதவுல மாட்டுற இலை வளையம்) மாதிரி வட்டமா ஒரு சார்க்யூட்டரி போர்டு (பதப்படுத்தின இறைச்சி, சீஸ், பழம், க்ராக்கர்ஸ் எல்லாம் அடுக்கின பலகை) வைக்க ஆசை. காலைலயே அடுக்கி டேபிள்ல வெச்சிடலாமா, இல்ல ரெடிமேடா விக்கிறதை ஆர்டர் பண்ணிடலாமா? வர்றவங்கள்ல ஒருத்தங்க கர்ப்பமா இருக்காங்க"ன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

காலைலயே டேபிள்ல வைக்காதீங்கம்மா. நறுக்கின இறைச்சியும் சாஃப்ட் சீஸும் ஃபிரிட்ஜுக்கு வெளிய 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா 1 மணி நேரம்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி குஷியா பெருகும், உங்க ஹால் அந்த நடுவுலதான் இருக்கு. அதனால எல்லாத்தையும் ஒரே போர்டுல கொட்டாம பாதியை 5 மணிக்கு வைங்க, மீதிப் பாதியை தட்டுல அடுக்கி மூடி ஃபிரிட்ஜ்லயே வெச்சிருந்து 7 மணிக்கு மாத்துங்க, பழசு மேல புதுசைப் போடாதீங்க, தட்டையே மாத்திடுங்க. சீஸ் மட்டும் முக்கா மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்சாதான் ருசி தெரியும், ஆனா அந்த நேரமும் இந்தக் கணக்குல சேர்ந்துடும், 4:15-க்கு எடுத்த சாஃப்ட் சீஸை 6:15-க்கே இறக்கிடணும், அதையும் மறந்துடாதீங்க. ஆளுக்கு 50 கிராம் இறைச்சி 50 கிராம் சீஸ் போதும், சாப்பாடே இதுதான்னா ரெண்டு மடங்கு.

வட்டத்தை இறைச்சியால கட்டாதீங்க, ரோஸ்மேரிங்கிற வாசனைத் தழையால கட்டுங்க, அதை மட்டும் காலைலயே பண்ணிடலாம். நடுவுல ஒரு கிண்ணம் வைங்க, சுத்தி ரோஸ்மேரி கொத்தை எல்லாம் ஒரே பக்கம் சாயுற மாதிரி படுக்க வெச்சு, ஒண்ணோட காம்பு அடுத்ததோட இலைக்கு அடியில மறையுற மாதிரி செருகிட்டே வந்தா ரீத் ஆயிடும். 5 மணிக்கு சலாமியை (பதப்படுத்தின இறைச்சி வில்லை) நாலா மடிச்சு இடுக்குல செருகினா விரிஞ்சுக்கிட்டு பூ மாதிரி நிக்கும். ஆலிவை டிஷ்யூல நல்லா ஒத்தி எடுத்துட்டு வைங்க, இல்லன்னா உப்புத்தண்ணி ஓடி க்ராக்கர்ஸ் நமுத்துடும். சிவப்புக்கு மாதுளை முத்து போதும், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கிற ஹாலி, மிஸ்ல்டோ செடியெல்லாம் போட்டோவுக்கு அழகுதான், ரெண்டும் விஷம், சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது.

இப்போ ரெடிமேட் விஷயத்துக்கு வரேன், இதுலதான் எனக்கு வயித்தெரிச்சல். "2 கிலோ போர்டு"ன்னு விப்பாங்க, பிரிச்சுப் பார்த்தா திராட்சையும் பிஸ்கட்டும்தான் முக்கால்வாசி, சில பேர் பலகையோட எடையையும் சேர்த்துடுவாங்க. இறைச்சி எத்தனை கிராம், சீஸ் எத்தனை கிராம், எப்போ நறுக்கினது, வண்டில ஐஸ் இருக்கா, இந்த நாலையும் கேளுங்க. நழுவினா வாங்காதீங்க. இடைல வாங்கி விக்கிற ஆளுக்கு எப்போ நறுக்கினாங்கன்னே தெரியாது, ஒரு ரிப்பனைக் கட்டிட்டு விலையை ஏத்திடுவாரு. பாக்கெட்ல தேதி இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அது பிரிக்காத பாக்கெட்டுக்கு. பிரிச்சப்புறம் எத்தனை நாள்ங்கிறது பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல இருக்கும், இதை பெருசா போடுங்கடான்னு சொல்ல ஒருத்தருக்கும் துப்பில்ல. "நைட்ரைட் (இறைச்சி கெடாம இருக்கச் சேர்க்கிற உப்பு) சேர்க்கப்படாதது"ன்னு கூடுதல் காசு வாங்குற பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் செலரி பவுடர் இருக்கும், அதுல இருந்து வர்றதும் அதே நைட்ரைட்தான், சில நாட்டுச் சட்டம் அப்படி எழுத விடுது, என்னத்த சொல்ல.

இந்த 2 மணி நேரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை ஒழுங்கா புரிஞ்சுக்கோங்க. பார்மசான், நல்லா முத்தின கௌடா மாதிரி கட்டியான சீஸ்ல ஈரம் கம்மி, உப்பு ஜாஸ்தி, அதனால அது இன்னும் கொஞ்ச நேரம் வெளிய இருந்தா கெட்டுடாது, ஓரம் காஞ்சு எண்ணெய் விடும், அவ்வளவுதான். ஆனா பெரிய துண்டா இருந்தா மட்டும். துருவினதுக்கு இது கிடையாது, வெட்டின பழத்தோட ஈரம் பட்டதுக்குக் கிடையாது, கட்டியா இருக்கேன்னு மொஸரெல்லாவை இதுல சேர்க்காதீங்க, அதுல தண்ணி அதிகம். சலாமியும் அப்படித்தான், சில உலர்ந்த வகையை முழுசா தொங்கவிட்டா வெளிய இருக்கும், நறுக்கின நிமிஷமே அந்தச் சலுகை போச்சு. "அந்தக் காலத்துல ஃபிரிட்ஜா இருந்துச்சு"ன்னு யாராவது கேட்டா அந்தக் காலத்துல நறுக்கி பிளாஸ்டிக்ல அடைக்கலைன்னு சொல்லுங்க.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ப்ரீ, கமம்பேர்ங்கிற சாஃப்ட் சீஸ், ப்ளூ சீஸ், சமைக்காத சலாமி, ப்ரோஷூட்டோங்கிற உலர்த்தின பன்றி இறைச்சி எதுவும் வேணாம், லிஸ்டீரியாங்கிற கிருமி ஃபிரிட்ஜ் குளிர்லயும் வளரும். அவங்களுக்குத் தனித் தட்டு, தனிக் கத்தி, அந்தக் கட்டி சீஸ், கழுவின பழம், க்ராக்கர்ஸ். ப்ரீ வெட்டின கத்தி இந்தப் பக்கம் வந்துடாம யாராவது ஒருத்தர் பார்த்துக்கோங்க. 7 மணிக்கு இறக்கின தட்டுல மிஞ்சின இறைச்சியை டப்பால போட்டு மறுபடி ஃபிரிட்ஜுக்குள்ள வைக்காதீங்க, குப்பைல போட்டுடுங்க.