காமிக்ஸ் கேள்வி-பதில்: நம்பிப் பின்னால் போகக்கூடாத ஒரு டாக்டர்

கேள்வி: லயன் காமிக்ஸில் ஸ்பைடர் படித்து வளர்ந்தவன் நான். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்ட ஆளையே ஹீரோவாகக் கொண்டாடிய கூட்டம் நாங்கள். அதேபோல நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத ஒருவர் வேண்டும், ஆனால் கதை விண்வெளியில் நடக்க வேண்டும். ஆங்கிலம் என்றாலும் பரவாயில்லை. பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: ஒன்றே ஒன்று என்றால் 'டாக்டர் ஆஃப்ரா'. மார்வெல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் தொடர். ஸ்டார் வார்ஸ் என்றதும் "ஐயோ, அத்தனை படத்தையும் பார்த்திருக்க வேண்டுமே" என்று பின்வாங்காதீர்கள், டார்த் வேடர் யார் என்று தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால், கறுப்பு முகமூடி போட்ட, மூச்சுச் சத்தம் கேட்கிற, கோபம் வந்தால் தொடாமலே கழுத்தை நெரிக்கிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்ரா முதலில் தலைகாட்டியது 2015-இல், வேடரை நாயகனாக வைத்து வந்த தொடரின் மூன்றாவது இதழில். எழுதியவர் கீரன் கில்லன், வரைந்தவர் சால்வடார் லரோக்கா. பேரரசின் ராட்சத விண்வெளிப் போர்க்கோட்டையான டெத் ஸ்டார் வெடித்துச் சிதறிய பிறகு, வேடரின் எஜமானரான பேரரசரிடம் அவருக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் தனக்கென்று ஒரு ரோபோ படை சேர்க்கப் பார்க்கிறார், அதற்கு வெளியாள் ஒருவர் தேவை. அப்படித்தான் இந்தப் பெண் வந்து மாட்டுகிறாள். தொழில் தொல்லியல், ஆனால் கிடைத்ததை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிற ரகம் இல்லை. பழைய ஆயுதங்களையும் பூட்டிவைக்கப்பட்ட ரோபோக்களையும் திருடி, மறுபடி ஓடவைத்து, காசு கொடுப்பவர் யாராக இருந்தாலும் விற்றுவிடுவாள். அந்த 'டாக்டர்' பட்டமே நேர்வழியில் வாங்கியதில்லை. சொந்த அப்பாவே போட்டுக்கொடுத்து அதற்கு வேட்டு வைக்கிறார், அப்புறம் தன் ஆராய்ச்சிக்கு உதவினால் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று பேரம் வேறு பேசுகிறார். என்ன குடும்பமோ!

எனக்கு அவளைப் பிடித்துப்போனது வேடரிடம் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே. வேலை முடிந்ததும் இந்த ஆள் தன்னைக் கொல்லத்தான் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடவில்லை, ஓடவும் முடியாது. வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தவள், கொல்வதென்றால் வாளால் சட்டென்று முடித்துவிடுங்கள், கப்பல் கதவைத் திறந்து வெட்டவெளியில் மட்டும் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். அந்தக் கோரிக்கை என்ன ஆனது என்பது வேடர் தொடரின் 25-ஆவது இதழில் வருகிறது, அதை நான் சொல்லப்போவதில்லை.

கூட்டாளிகள் இன்னும் மோசம். படத்தில் வரும் பொன்னிற ரோபோவும் உருண்டுவரும் குட்டி ரோபோவும் நினைவிருக்கிறதா? அதே அச்சில் வார்த்த இரண்டு கொலைகார ரோபோக்கள் இங்கே. டிரிப்பிள் ஸீரோ மகா மரியாதையாகப் பேசும், ஆனால் நாகரிகம், மொழிபெயர்ப்பு இவற்றோடு சித்திரவதையும் அதற்குக் கைவந்த கலை. குட்டி ரோபோ பிடி-1, உடம்பைத் திறந்தால் முழுக்க ஆயுதம். கூடவே பிளாக் க்ர்ஸான்டன் என்ற வூக்கி (உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த, ஆஜானுபாகுவான வேற்றுக்கிரக இனம்), கூலி வாங்கிக்கொண்டு ஆட்களை வேட்டையாடிப் பிடிப்பவன்.

2016 டிசம்பரில் அவளுக்கே தனித்தொடர் கொடுத்தார்கள், 2019 வரை 40 இதழ்கள். முதலில் கில்லன் எழுத, கெவ் வாக்கர் வரைந்தார், பிற்பாதி சைமன் ஸ்பரியர் கையில். கதைக்கருக்கள் எல்லாமே வில்லங்கம். பழங்காலத்து மனம் ஒன்று அடைபட்ட கல்லை, ஊரில் உள்ள குற்றக் கும்பல் தலைவர்களையெல்லாம் கூட்டிவைத்து ஏலம் விடுகிறாள், என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஸ்பரியர் காலத்தில் அவளுக்கும் டிரிப்பிள் ஸீரோவுக்கும் ஆளுக்கொரு வெடிகுண்டைப் பொருத்திவிடுகிறார்கள், ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போனால் வெடிக்கும். ஒருவரையொருவர் கொல்லத் துடிக்கிற இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே அலையும் அந்த ஆறு இதழ்கள்தான் மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்தவை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஸ்பைடரிடம் கிடைத்த கம்பீரத்தை இங்கே தேடாதீர்கள். அவன் தன்னையே ராஜாவாக நினைத்தவன். ஆஃப்ராவுக்கு எப்போதும் உள்ளுக்குள் பயம், உயிர் பிழைக்கக் கூட இருப்பவரை மாட்டிவிடுவாள், அப்புறம் அதை நினைத்து மருகுவாள், அடுத்த இதழில் மறுபடியும் அதையேதான் செய்வாள். மாக்னா டோல்வன் என்ற பேரரசின் அதிகாரிக்கும் இவளுக்கும் காதல் வருகிறது, அந்தப் பெண் படுகிற பாட்டைப் பார்த்தால் ஆஃப்ராவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். பெரும்பாலான தொடர்களில் இப்படிப்பட்ட ஆள் பத்தாவது இதழுக்குள் திருந்தி, கடைசியில் யாருக்காவது உயிரைக் கொடுக்கும், பார்த்துப் பார்த்துச் சலித்த சமாச்சாரம். இவளை எழுதியவர்கள் அப்படித் தப்பிக்கவில்லை, செய்ததற்கெல்லாம் விலை கொடுக்கவைக்கிறார்கள், ஆனாலும் கையைக் கழுவி நல்லவளாக்கி அனுப்பவில்லை.

எங்கே தொடங்குவது? நேராகத் தனித்தொடருக்குப் போகாமல் 2015 வேடர் தொடரின் 25 இதழ்களை முதலில் முடியுங்கள். நடுவில் வேறு தொடர்களோடு கதை கலக்கிற இடங்களில் கொஞ்சம் எரிச்சல் வரும், தொகுப்பு நூல்களாக வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: அதே ஆஃப்ராவை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கொடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கொடுக்கலாம். ரத்தத்தை விலாவாரியாகக் காட்டுவதில்லை. டிரிப்பிள் ஸீரோவின் சித்திரவதை நகைச்சுவை சில வீடுகளில் ஒத்துவராது, ஆகவே முதல் தொகுப்பை நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அதற்கும் கீழ் வகுப்பு என்றால் வேண்டாம்.

கேள்வி: ஆஃப்ராவை முடித்துவிட்டேன். அடுத்து? (மதுரை வாசகர்)

பதில்: 2020-இல் அலிஸ்ஸா வாங் எழுதத் தொடங்கிய இரண்டாவது ஆஃப்ரா தொடர் இருக்கிறது, முதலாவது அளவுக்கு என்னை இழுக்கவில்லை. நான் பிரிட்டன் பக்கம் போகச் சொல்வேன்: 'ஸ்ட்ரான்டியம் டாக்'. 1978-இல் ஸ்டார்லார்ட் என்ற வார இதழில் தொடங்கி பிறகு 2000 ஏடி என்ற இன்னொரு வார இதழுக்கு மாறியது, ஜான் வாக்னரும் கார்லோஸ் எஸ்குவேராவும் உருவாக்கியது. கதிர்வீச்சால் உருமாறிப் பிறந்தவர்களுக்கு வேறு பிழைப்பு மறுக்கப்பட்ட உலகத்தில், கிரகம் கிரகமாகக் குற்றவாளிகளை வேட்டையாடிக் கூலி வாங்குகிறவன் ஜானி ஆல்ஃபா. இந்த மக்களை ஒடுக்கும் அரசியல்வாதி வேறு யாருமில்லை, அவனுடைய அப்பாதான். ஆஃப்ராவைவிட மனசாட்சி உள்ளவன், சிரிப்பு குறைவு, எஸ்குவேராவின் முரட்டுக் கோடுகளுக்காகவே வாங்கலாம்.