போன் இல்லாமல் என் மூன்று வயது மகள் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். எப்படி நிறுத்துவது?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கோயம்புத்தூரில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து எதுவும் இறங்காமல் கிடந்தபோது, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று போனைக் காட்டி ஊட்டினேன். ஆரம்பித்து வைத்தவன் நான்தான், பழியை வேறு யார் மேலும் போட முடியாது. மூன்று வயதாகும்போது இட்லி, சாதம், தோசை எல்லாமே போன் வெளிச்சத்தில்தான் உள்ளே போயின.

ஒரு ராத்திரி தோசையைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டு காலியானதைக் கவனிக்காமல் வெறும் விரலை அவள் வாயருகே கொண்டுபோய்விட்டேன். வாய் தானாகத் திறந்தது. கையை எடுத்த பிறகும் இரண்டு தடவை மென்றாள். கண் திரையை விட்டு நகரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை அன்றைக்கு.

மறுநாள் அவள் நாள் முழுக்க என்னவெல்லாம் சாப்பிடுகிறாள் என்று எழுதிப் பார்த்தோம். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் பால். பதினோரு மணிக்கு நாலைந்து பிஸ்கட். சாயங்காலம் மறுபடி பால். அழும்போதெல்லாம் கையில் ஒரு முறுக்கு. படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால். பால் மட்டுமே முக்கால் லிட்டரைத் தொட்டது. இதற்கு மேல் பசி எங்கிருந்து வரும்? பசி இல்லாத வயிற்றில் சோற்றை இறக்கத்தான் போன் தேவைப்பட்டிருக்கிறது.

குழந்தைகள் மருத்துவரிடம் போனபோது முதலில் எடையைப் பார்த்தார். பிறக்கும்போது மூன்று கிலோ, ஒரு வயதில் ஒன்பது. அதாவது ஒரே வருஷத்தில் ஆறு கிலோ. இரண்டு வயதுக்கு மேல் வருஷத்துக்குச் சுமார் இரண்டு கிலோ ஏறினாலே போதும் என்றார். வளர்கிற வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்? நாங்களோ ஒரு வயதில் சாப்பிட்ட வேகத்தையே மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளை இளைத்துப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தோம். பாலை அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார். அதிகமானால் சாப்பாடு குறைந்து, இரும்புச்சத்து போதாமல் ரத்தசோகை வரலாமாம்.

அதனால் போனைப் பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பாலையும் பிஸ்கட்டையும் குறையுங்கள். இதைச் செய்யாமல் போனை மட்டும் நிறுத்தினால் நீங்கள்தான் தோற்பீர்கள். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கிற ஒரு சனிக்கிழமையில் ஆரம்பித்தோம். மூன்று பெரியவர்களின் போனும் படுக்கையறைக்குப் போய்விட்டது. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, மகளுக்கு அல்ல!

என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்பது நம் வேலை. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் வேலை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அவளுக்கும் ஒரு சின்னத் தட்டில் எங்களுடைய சாப்பாட்டையே காரம் குறைத்து வைத்தோம். இருபத்தைந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுவோம். திட்டு, கெஞ்சல், 'இன்னும் ஒரே ஒரு வாய்' எதுவும் கிடையாது. அடுத்த வேளை வரை பாலும் கிடையாது.

முதல் நாள் மதியம் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். என் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏங்கண்ணு, புள்ளையப் பட்டினி போட்டுத்தான் பாடம் சொல்லிக் குடுக்கோணுமா? உன்னையெல்லாம் நெலாவக் காட்டித்தான ஊட்டுனேன்!"

நியாயமான கேள்விதான். நானும் யோசித்தேன். நிலாவைக் காட்டும்போது அம்மா என் முகத்தைப் பார்த்துக் கதை சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டால் நிறுத்தினார். போனில் ஓடுகிற பாட்டு யாருக்காகவும் நிற்காது. அதிலும் எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு நாற்பது நிமிஷம், மூன்று வேளைக்கு இரண்டு மணி நேரம் ஓடியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதோ இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. "நீங்க கதை சொல்லுங்கம்மா, ஊட்ட மட்டும் வேண்டாம்" என்றேன். அவருக்கும் ஒரு வேலை கிடைத்ததில் சமாதானமாகிவிட்டார்.

மூன்றாம் நாள் இரவு யாரும் கூப்பிடாமலேயே வந்து உட்கார்ந்து, ரசம் சாதத்தில் கையை மணிக்கட்டு வரை விட்டாள். பாதி மடியில் விழுந்தது. பதினோரு வாய், நான் எண்ணினேன். எண்ணக் கூடாது என்பது விதி, ஆனாலும் எண்ணினேன்.

அப்புறம் சறுக்கவில்லையா என்றால், சறுக்கினோம். இரண்டாம் வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் எல்லோரும் பார்க்க அவள் கத்தியபோது போனை எடுத்து நீட்டிவிட்டேன். மறுநாள் மறுபடி அதே அழுகை, ஆனால் ஒரு வேளையோடு முடிந்தது. சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று ஒரு வாரம் ஆசை காட்டியது அதைவிடப் பெரிய தப்பு. பீர்க்கங்காய்க் கூட்டைத் தண்டனையாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது புதுக் காய் எதையும் ஒரு ஸ்பூன் ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். கேரட் பத்துத் தடவைக்கு மேல் தட்டிலேயே கிடந்து, பிறகுதான் வாய்க்குப் போனது.

ஒன்று மட்டும்: உங்கள் மகளுக்கு எடை ஏறாமல் நின்றிருந்தாலோ, கட்டியான எதை வைத்தாலும் குமட்டினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, பேச்சு தாமதமாக இருந்தாலோ, இந்த முறையெல்லாம் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தானாக எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் தரை. பழைய செய்தித்தாளை விரித்துத் தட்டை வையுங்கள். அதையும் தாண்டிச் சிந்துகிற சோற்றை உடனே துடைக்கப் போனால் அப்பிக்கொண்டு உயிரை வாங்கும். அரை மணி நேரம் காயவிட்டுப் பெருக்குங்கள், அப்படியே வந்துவிடும்.