வீட்டு பாக்கெட் ரேடியோ பிபிஎஸ்ஸை (அமெச்சூர் ரேடியோ வழியா மெசேஜ் போட்டு எடுக்கிற கம்ப்யூட்டர் நோட்டீஸ் போர்டு) இண்டர்நெட்ல இருந்து வர்றவங்களுக்கு திறக்கணும், ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணா போதுமா?

வெளிய இருந்து வர்ற கனெக்ஷனை ரவுட்டர் உங்க பிபிஎஸ்க்கு திருப்பி விடும், உள்ள வர்றதுக்கு அது போதும். ஆனா உங்க பிபிஎஸ்க்கு பின்னாடி ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கு, அதனால சாதாரண வெப் சர்வர் மாதிரி நினைச்சு திறந்துடாதீங்க. எல்லாரும் ஹேக்கருக்கு பயப்படுறாங்க, எனக்கு அதைவிட பெரிய கவலை லைசென்ஸே இல்லாத யாரோ ஒருத்தர் டைப் பண்றது உங்க கால்சைன்ல (லைசென்ஸோட வர்ற அடையாளப் பேர்) காத்துல போறதுதான், ஏன்னா அதுக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இது ரெண்டு வழியா நடக்கும். ஒண்ணு, நோட் (ரேடியோ ஸ்டேஷன்களை இணைக்கிற சாஃப்ட்வேர்) பிராம்ப்ட்ல கனெக்ட் கமாண்ட் அடிச்சு ரேடியோ போர்ட்டுக்கு நேரா போறது, இது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணை நிறைய பேர் கவனிக்கிறதில்ல: வந்தவர் சும்மா ஒரு புல்லட்டின் (பொது அறிவிப்பு) போட்டுட்டு போயிடுவார், அப்புறம் ஃபார்வர்டிங் நேரம் வந்ததும் உங்க பிபிஎஸ் தானாவே அதை பக்கத்து ஸ்டேஷனுக்கு ரேடியோல 1200 பாட் வேகத்துல அனுப்பிடும். அதனால புது யூசரோட மெசேஜ் எல்லாம் ஹோல்ட்ல நிக்கட்டும், நீங்க படிச்சுட்டு விடுங்க. லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு படிக்க மட்டும் அனுமதி கொடுத்தா போதும். மூணாவது ஆளோட மெசேஜை அனுப்பலாமா கூடாதாங்கறது நாட்டுக்கு நாடு மாறும், உங்க லைசென்ஸ் விதியை ஒருதடவை பாத்துக்கோங்க.

லாகின்ல யார் வேணா எந்த கால்சைன் வேணா அடிக்கலாம். அதனால தானா பதிவு பண்ற வசதி வேண்டாம், ஆளை உறுதி பண்ணிட்டு நீங்களே அக்கவுண்ட் போட்டுக் கொடுங்க. உங்க பிபிஎஸ் சாஃப்ட்வேர் லின்பிபிக்யூன்னா டெல்நெட் (என்கிரிப்ட் பண்ணாத பழைய ரிமோட் லாகின்) போர்ட் செட்டிங்ல யூசர் வரி இருக்கும்ல, அதோட கடைசில சிஸாப்னு (நிர்வாகி உரிமை) போடற இடம், இண்டர்நெட் வழியா வர்ற யாருக்கும் அதை போடாதீங்க.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் முக்கியம். அமெச்சூர் பேண்ட்ல அர்த்தத்தை மறைச்சு அனுப்பக் கூடாதுங்கறதால ரேடியோல போறது எல்லாம் வெறும் டெக்ஸ்ட், டைர்வுல்ஃப் (பாக்கெட் ரேடியோ மோடம் சாஃப்ட்வேர்) வச்சிருக்கிற யாரும் அப்படியே படிச்சுடுவாங்க. அதனால ரேடியோல அடிக்கிற பாஸ்வேர்டும் இண்டர்நெட் பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கவே கூடாது. பிபிக்யூ நோட்ல ரேடியோ வழியா சிஸாப் ஆகணும்னா அஞ்சு நம்பர் காட்டும், உங்க பாஸ்வேர்டுல அந்த இடங்கள்ல இருக்கிற எழுத்தை மட்டும் அடிக்கணும், முழு பாஸ்வேர்டு காத்துல போகாது. நல்ல ஏற்பாடு, அதையே யூஸ் பண்ணுங்க.

இண்டர்நெட் பக்கம் அந்த தடை கிடையாது, அங்க என்கிரிப்ட் பண்ணலாம். டெல்நெட்டை அப்படியே திறக்கறதைவிட வயர்கார்டு (விபிஎன்) டனல் போட்டு தெரிஞ்ச ஹாம்களுக்கு (அமெச்சூர் ரேடியோ ஆளுங்க) மட்டும் கீ கொடுக்கிறது எவ்வளவோ மேல். பொதுவா திறந்தே ஆகணும்னா டெல்நெட்டோட வழக்கமான போர்ட் 23ஐ தொடாதீங்க, 2016ல மிராய் மால்வேர் வந்ததுல இருந்து அந்த போர்ட்டை தானியங்கி பாட் புரோகிராம்கள் தட்டிக்கிட்டேதான் இருக்கு. வேற நம்பர் வச்சா மட்டும் பாதுகாப்பு வந்துடாது, லாக் ஃபைல் குப்பையாகாம இருக்கும், அவ்வளவுதான், ஃபெயில்2பேன் (தப்பா லாகின் அடிச்சுக்கிட்டே இருக்கிற ஐபியை தடுக்கிற டூல்) எப்படியும் வேணும். டைர்வுல்ஃபோட 8000, 8001 போர்ட் ரெண்டும் வெளிய தெரியவே கூடாது, அதுக்கு பாஸ்வேர்டே கிடையாது, கனெக்ட் ஆனவன் நேரா டிரான்ஸ்மிட் பண்ணிடலாம். ரவுட்டர்ல யூபிஎன்பி (தானா போர்ட் திறக்கிற வசதி) ஆஃப், டிஎம்இசட் (எல்லா போர்ட்டையும் ஒரு கம்ப்யூட்டருக்கு திறந்து விடற செட்டிங்) பக்கமே போகாதீங்க, பிபிஎஸ் ஓடுற ராஸ்பெர்ரி பை வீட்டு கம்ப்யூட்டர்களோட ஒரே நெட்வொர்க்ல இல்லாம தனியா இருக்கட்டும், ரூட் (முழு உரிமை உள்ள) யூசர்ல ஓட்டாதீங்க.

எல்லாம் முடிச்சதும் மொபைல் டேட்டால இருந்து என்மேப் (போர்ட் ஸ்கேனர்) ஓட்டி எது எது திறந்திருக்குன்னு பாருங்க, வீட்டு வைஃபைல இருந்து பாத்தா சரியா தெரியாது. அப்புறம் லைசென்ஸ் இல்லாத டெஸ்ட் அக்கவுண்ட்ல உள்ள போய் ரேடியோ போர்ட்டுக்கு கனெக்ட் அடிச்சுப் பாருங்க, பிடிடி லைட் (டிரான்ஸ்மிட் ஆகும்போது எரியறது) எரியவே கூடாது.